முற்றத்தில் ஒரு தாழ்கிளைப் பூமரம்: பாட்டில் பிரஷ் மரத்தை வளர்க்கும் முறை

நமது சங்கத்தின் தறிக்கூடத்திற்கும் விற்பனை நிலையத்திற்கும் இடையில் உள்ள முற்றத்தை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். அங்கு நிற்கும் சிறு மரம், மாசி மாதம் பிறந்ததும் தரையை நோக்கித் தொங்கும் தன் கிளைகள்தோறும் செந்நிறப் பூக்களைச் சூடி நிற்கிறது. துணி வாங்க வருவோர் அதன் பெயரைக் கேட்கின்றனர். தம் வீட்டிலும் வைக்கலாமா என்று வினவுகின்றனர். பயிர் செய்யும் அங்கத்தினர் சிலர், "காயும் இல்லை, கனியும் இல்லை, இதற்கு ஏன் இவ்வளவு சிரத்தை?" என்றும் கேட்டதுண்டு. இவ்விரு சாராருக்கும் விடையளிப்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுத முற்பட்டோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நாம் நட்டவை மூன்று கன்றுகள். இன்று விரும்பியவாறு வளர்ந்து நிற்பது ஒன்றே. மற்ற இரண்டும் கைகூடாமல் போனதற்கும், மூன்றாவது மரம் ஓராண்டு முழுவதும் பூவாமல் நின்றதற்கும் மரத்தின்மீது குற்றமில்லை, பிழை நம்முடையதே. பொது நல நிதியிலிருந்து செலவிட்ட பணத்திற்கு நாம் கணக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் கற்ற பாடத்தையும் அங்கத்தினர்களுக்குக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு முடியும்.

பிறப்பிடமும் பெயரும்

இம்மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய மாநிலங்களில் ஓடைக் கரைகளிலும் பாறை நிறைந்த ஆற்றோரங்களிலும் இது தானே வளர்கிறது. நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு ஓரளவு புலப்படும்.

பாட்டிலின் உட்புறத்தைக் கழுவும் பிரஷ்ஷைப் போலப் பூங்கொத்து அமைந்திருப்பதால் 'பாட்டில் பிரஷ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. நாற்றுப் பண்ணைகளில் அப்பெயரைச் சொன்னாலே கன்றைக் கொடுப்பார்கள். தாவர நூலார் இட்ட பெயர் கல்லிஸ்டெமன் விமினாலிஸ் என்பதாகும். கல்லிஸ்டெமன் என்னும் பேரினப் பெயரை 1814-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர். இப்போது சிலர் இதனை மெலலூக்கா என்னும் இனத்தோடு சேர்த்து மெலலூக்கா விமினாலிஸ் என்றும் எழுதுகின்றனர். இரண்டும் ஒரே மரமே. பெயர்ப் பலகை மாறியிருப்பதைக் கண்டு அங்கத்தினர்கள் மயங்க வேண்டுவதில்லை.

இப்பெயரில் நெசவாளராகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்று உண்டு. கிரேக்க மொழியில் 'கல்லோஸ்' என்றால் அழகு. 'ஸ்டெமன்' என்பது முதலில் தறியில் பூட்டிய பாவு நூலைக் குறித்த சொல். பிற்காலத்தில்தான் பூவின் நடுவே நூல்போல் நீண்டு நிற்கும் மகரந்தத் தாளுக்கும் அது பெயராயிற்று. ஆகவே 'அழகிய பாவுடையது' என்று இம்மரத்தின் பெயருக்குப் பொருள் சொன்னாலும் தவறாகாது. 'விமினாலிஸ்' என்பதோ கூடை முடைவதற்கு உதவும் வளார் போன்ற, வளைந்து கொடுக்கும் நீண்ட கிளையை உடையது என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல். மரத்தின் இரு சிறப்புகளான பூவும் தாழ்கிளையும் இப்பெயரில் அடங்கிவிட்டன.

மரத்தின் இயல்பு

மரத்தின் இயல்பை அறிந்த பிறகே பராமரிப்பு முறையைக் கற்க வேண்டும். இம்மரம் பொதுவாக 15 முதல் 25 அடி உயரம் வரை வளரும். 'ஹன்னா ரே' போன்ற தோட்ட வகைகள் ஏறத்தாழ 13 அடியிலும், 'கேப்டன் குக்' போன்ற குட்டை வகைகள் 6 அடி அளவிலும் நின்றுவிடும். நடுத்தண்டு மேல்நோக்கிச் செல்லும். பக்கக் கிளைகள் மெலிந்து நீண்டு, நுனி தாழ்ந்து தொங்கும். இலை குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். இளந்தளிர் செம்மை கலந்து பட்டுப்போல் மென்மையாக இருக்கும்.

பூவில் நாம் காணும் சிவப்பு, இதழின் நிறமன்று. இதழ்கள் மிகச் சிறியவை; விரைவில் உதிர்ந்துவிடுபவை. சிவந்து நீண்டு நிற்பவை மகரந்தத் தாள்களே. பல சிறு பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருங்கி அமைவதால் பிரஷ் போன்ற வடிவம் உண்டாகிறது. நமது பகுதியில் மாசி, பங்குனியில் மிகுதியாகப் பூக்கிறது. மழைக்குப் பிறகு மீண்டும் ஓரளவு பூக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி இரண்டு. முதலாவது, பூமொட்டு கிளையின் நுனிப்பகுதியில் உண்டாகிறது. இரண்டாவது, பூ முடிந்ததும் கிளை அங்கேயே நின்றுவிடுவதில்லை. பூங்கொத்தின் நுனியிலிருந்தே தளிர் புறப்பட்டு மேலும் வளர்கிறது. பூ இருந்த இடத்தில் மிளகளவான கெட்டிக் காய்கள் கிளையைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். காய்க்கோவைகளை எண்ணிப் பார்த்தால் அக்கிளை எத்தனை முறை பூத்தது என்பதை அறியலாம். கிளை நறுக்கும் முறை முழுவதும் இந்த இரண்டு செய்திகளையே சார்ந்திருக்கிறது.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்: நமது முதற் பிழை

மூன்று கன்றுகளில் ஒன்றை, விலை மலிவு என்பதற்காக, விதையிலிருந்து எழுந்த நாற்றாக வாங்கினோம். அது உயிரோடுதான் இருக்கிறது. ஆயினும் கிளைகள் விறைத்து மேல்நோக்கி நிற்கின்றன. முதற்பூவைக் காண ஐந்தாண்டுகள் காத்திருந்தோம். அப்பூவும் வெளிறிய சிவப்பாகவே அமைந்தது.

விதையில் பிறக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தொங்கும் கிளை, பூவின் நிறம், மரத்தின் உயரம் ஆகிய குணங்கள் வழுவாமல் வர வேண்டுமாயின், நல்ல தாய்மரத்தின் குச்சியை வேரூன்றச் செய்து வளர்த்த கன்றே வேண்டும். ஒட்டு மாங்கன்றுக்கும் கொட்டை மாங்கன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த பயிராளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: கன்று குச்சியிலிருந்து உண்டானதா என்று கேட்க வேண்டும். கூடுமானால் தாய்மரத்தை நேரில் பார்க்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று அடி உயரமுள்ள இளங்கன்று போதும். பையின் அடியில் வேர் சுருண்டு சுற்றியிருக்கும் பெரிய கன்று, பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும், நட்ட பிறகு மண்ணைப் பற்றாமல் காற்றில் சாயும்; அதனைத் தவிர்த்தல் நன்று.

இடமும் குழியும்

நாள் முழுவதும் வெயில் விழும் இடமே இம்மரத்திற்கு ஏற்றது. நிழலில் கிளை நீளுமேயன்றிப் பூ குறையும். சுவரிலிருந்து 10 அடியேனும் தள்ளி நட வேண்டும். கிளை நாற்புறமும் தொங்குவதற்கு இடம் விட்டால்தான் அதன் வடிவம் விளங்கும். ஆற்றங்கரை மரமாதலால் வேர் ஈரத்தைத் தேடிச் செல்லும். எனவே சாக்கடைக் குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகே நடுதல் கூடாது.

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிட வேண்டும். மேல்மண்ணோடு நன்கு மக்கிய சாணம் இரண்டு கூடை கலந்து குழியை நிரப்ப வேண்டும். மக்காத சாணம் வேரைச் சுடும். களிமண்ணாயின் ஒரு கூடை மணலும் சேர்க்கலாம். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் கன்று அமைய வேண்டும். தண்டை மண்ணில் புதைத்தல் ஆகாது. ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

தாழ்கிளை மரத்திற்கு முதல் இரண்டு ஆண்டுகள் முட்டுக்கோல் அவசியம். நடுத்தண்டு ஐந்தாறு அடி நேராக உயர்ந்த பின்புதான் கிளைகள் அழகாகத் தொங்கும். கோலோடு கட்டுவதற்குக் கம்பியோ சணற்கயிறோ வேண்டாம். நமது தறிக்கூடத்தில் கழியும் துணிக்கரையே போதுமானது. எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, மூன்று மாதத்திற்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

நீர்: நமது இரண்டாம் பிழை

இரண்டாவது கன்று சாயப்பட்டறையின் பக்கமாக நடப்பட்டது. நீர் வீணாகிறதே என்று எண்ணி, சிட்டம் அலசிய நீரை அதன் பாத்தியில் திருப்பிவிட்டோம். ஒரு கோடை கழிவதற்குள் இலை நுனிகள் கருகின, பாத்தியின் மேல் வெள்ளைப் படிவு பூத்தது, கன்று பட்டுப்போயிற்று. சிக்கனம் என்று நாம் கருதியது நஷ்டமாய் முடிந்தது.

காரணம் எளிதில் விளங்கும். பருத்தி நூலுக்கு இடும் ரியாக்டிவ் சாயங்கள் நூலில் ஏறுவதற்கு உப்பும், நிலைத்து நிற்பதற்குச் சோடாவும் சேர்க்கிறோம். அவ்வுப்பில் பெரும்பகுதி நூலில் தங்குவதில்லை; அலசிய நீரோடு வெளியேறுகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணில் தங்கும். அது வேர் நீரை உறிஞ்சவிடாமல் தடுக்கும்; சோடா மண்ணின் காரத்தை உயர்த்தும். கஞ்சித் தொட்டியைக் கழுவிய நீரும் ஏற்றதன்று. கஞ்சி கெடாதிருக்க மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு பூமரம் பட்டது சிறிய நஷ்டம். அந்த நீரே பயிர் நிலத்திற்கும் கிணற்றுக்கும் சென்றால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதை நெசவாளரும் பயிராளரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும். மரம் பட்ட பிறகே நாம் அந்த வாய்க்காலை அடைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலாண்டில் வாரம் இருமுறையும், கோடையில் மும்முறையும், ஒவ்வொரு தடவையும் ஒரு குடம் நல்ல நீர் ஊற்றினால் போதும். தினந்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைக் காட்டிலும், இடைவிட்டு ஆழ நனைப்பதே சிறந்தது. வேர் கீழே இறங்கும். பாத்தியில் இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்குச் சருகு பரப்பலாம். அது தண்டைத் தொடாமல் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் மரம் வறட்சியைத் தாங்கும். ஆயினும் மொட்டுவிடும் காலத்தில் நீர் கிடைத்தால் பூ மிகும்.

இலை வெளுத்தல்

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இம்மரத்தின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதுண்டு. இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு மண் அதனை வேருக்குக் கொடுப்பதில்லை. இதற்கு மருந்து நமது சாயப்பட்டறையில் பழங்காலந்தொட்டுப் பழக்கமான அன்னபேதியே. 10 லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதியையும் 10 கிராம் எலுமிச்சை உப்பையும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளின்மேல் தெளிக்க வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் தளிர் பசுமை பெறும். வெள்ளையடித்த சுண்ணாம்புக் கழிவை மரத்தடியில் கொட்டாதிருப்பது அதனினும் அவசியம்.

கிளை நறுக்குதல்: நமது மூன்றாம் பிழை

மூன்றாவது கன்று நன்றாக வளர்ந்து, நான்காம் ஆண்டில் பூத்தது. ஐந்தாம் ஆண்டு மார்கழியில், பொங்கலுக்காகச் சங்கக் கட்டடத்திற்கு வெள்ளையடிக்கையில், தொங்கும் கிளைகள் ஒழுங்கற்றுத் தோன்றுவதாக நிர்வாகக் குழுவினர் கருதினோம். எல்லாக் கிளைகளின் நுனியையும் ஒரே மட்டமாகக் கத்தரிக்கச் சொன்னோம்.

அப்போது நூல் சுற்றும் பணியிலிருந்த மூதாட்டி ஒருவர் அருகில் வந்து, "ஐயா, பூ நுனியில்தானே வந்தது? நுனியை எடுத்துவிட்டால் பிறகு எங்கே பூக்கும்?" என்று கேட்டார். கன்று நட்ட நாள் முதல் அதற்கு நீர் ஊற்றி வந்தவர் அவரே. நாம் அவர் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. குழு முடிவு செய்துவிட்டது என்று விடையிறுத்தோம். மாசி வந்தது, பங்குனியும் கழிந்தது, மரத்தில் ஒரு பூவும் இல்லை. மறு கூட்டத்தில் அம்மூதாட்டியை அழைத்து, அவர் கூறியதே சரி என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினோம். அன்று முதல் அவரைக் கேட்காமல் மரத்தில் யாரும் கத்தரி வைப்பதில்லை.

முறை இதுதான். பூங்கொத்துகள் வாடியவுடன், காய் கெட்டிப்படும் முன், கொத்துக்குச் சற்றுக் கீழே கிளையை நறுக்க வேண்டும். அவ்விடத்திலிருந்து ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று தளிர்கள் புறப்படும். அடுத்த பருவத்தில் ஒவ்வொன்றும் பூக்கும். பங்குனி இறுதியோ சித்திரைத் தொடக்கமோ இதற்கு உகந்த காலம். நறுக்கியபின் இரண்டு கூடை மக்கிய எருவிட்டு நீர் பாய்ச்ச வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு, பூத்து முடியும்வரை, மரத்தைத் தொடலாகாது.

உலர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கலாம். நடைபாதையில் தலையில் படும் கிளையை மட்டும் தேவையான உயரத்திற்கு உயர்த்தலாம். மட்டம் பார்த்து வெட்டுதல் வேண்டாம். தாழ்வது இம்மரத்தின் இயல்பு. அதனை நிமிர்த்த முயன்றால் மரமும் கெடும், பூவும் கெடும்.

பூச்சி

இம்மரத்திற்குப் பெரிய நோய்கள் அரிது. சில வேளைகளில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கிளையில் ஒட்டும். அவை சொரியும் இனிப்பு நீரில் கரிப்பூசணம் படரும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து, பூக்காத காலத்தில் மாலையில் தெளிக்கலாம். பூத்திருக்கும்போது எம்மருந்தும் அடித்தல் கூடாது; தேனீக்கள் மடியும்.

நாமே கன்று உண்டாக்கும் வகை

மழை தொடங்கியபின், பூவில்லாத, முற்றாமலும் இளசாகவும் இல்லாத நடுத்தரக் கிளையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலக் குச்சிகளைக் காலையில் எடுக்க வேண்டும். அடிப்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, வேரூக்கித் தூள் கிடைத்தால் அடிமுனையைத் தொட்டெடுத்து, ஆற்று மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த தொட்டியில் ஊன்ற வேண்டும். நிழலில் வைத்து, பாலிதீன் தாளால் மூடி, ஈரம் குறையாமல் காத்தால், இரண்டு மூன்று மாதங்களில் வேர்விடும். எல்லாக் குச்சிகளும் பிழைப்பதில்லை. ஆகவே வேண்டியதைவிட மும்மடங்கு ஊன்றுதல் நலம். வேர் பிடித்தவற்றைச் சிறு பைகளுக்கு மாற்றி ஓராண்டு வளர்த்து நடலாம். நமது மரத்திலிருந்து இவ்வகையில் எடுத்த கன்றுகள் இப்போது அங்கத்தினர் சிலரின் வீடுகளில் நிற்கின்றன. இதற்கு ஆன செலவு சொற்பமே.

பயன் என்ன?

பயிராள அன்பர்களின் கேள்விக்கு வருவோம். இம்மரம் காய் தராது. ஆடு மாடுகளுக்குத் தீவனமும் ஆகாது. பெரிய நிழலும் தராது. நிலம் குறைந்த வீட்டில் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் முதலிடம் கொடுப்பதே முறை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பூக்காலத்தில் காலை வேளையில் இம்மரத்தடியில் நின்று பாருங்கள். தேன்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கித் தேன் உண்பதையும், தேனீக்கள் திரள்வதையும் காணலாம். அத்தேனீக்களே அண்டைத் தோட்டத்தில் பூசணிக்கும் வெள்ளரிக்கும் மகரந்தம் கொண்டு செல்கின்றன. நாள் முழுவதும் தறியில் நூலை நோக்கிக் களைத்த கண்களுக்கு அச்சிவப்பும் பசுமையும் தரும் ஆறுதலையும் அங்கத்தினர்கள் அறிவர். அதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை. அதனால் அது வரவன்று என்று சொல்லிவிட முடியாது.

சரியான கன்று, நல்ல நீர், காலமறிந்த கத்தரி என்னும் மூன்றும் அமைந்தால் இம்மரம் நம்மிடம் வேறொன்றும் கேட்பதில்லை. இம்மூன்றையும் நாம் பிழை செய்தே கற்றோம். அங்கத்தினர்கள் அப்பிழைகளைச் செய்யாமலே கற்பார்களாக.

கல்வி வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. விதைக்கன்றுக்கும் குச்சிக்கன்றுக்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் தோட்டத்துப் பயிர்களிலிருந்து வேறு எடுத்துக்காட்டுகள் தருக.

2. சாயம் அலசிய நீர் மரத்தைக் கெடுப்பது எவ்வாறு? உங்கள் பட்டறையின் கழிவு நீர் இப்போது எங்கே செல்கிறது?

3. மார்கழியில் நுனி நறுக்கிய மரம் மாசியில் பூக்காததற்குக் காரணம் என்ன?

4. ஒரு வேலையை நாள்தோறும் செய்பவரின் அனுபவத்தை நிர்வாகக் குழு கேட்டறிவதற்கு உங்கள் சங்கத்தில் என்ன ஏற்பாடு உள்ளது?